என் தோணிக்காரனை எடுத்துக்கொண்டவள்

ஜெர்மனியின் பான் நகர ரயில் நிலையத்தில் ஜெபா என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வா, கதைச்சுக்கொண்டே போவோம்" என்றாள். பேசிக்கிட்டே போவோம் என்று சொல்ல வேண்டியவள். பிறந்து வளர்ந்தது நாசரேத். கல்லூரிக் காலம் முழுக்க பாளையங்கோட்டை விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். 'கதைச்சுக்கொண்டே' என்ற சொல்லை இந்த ஊரில் யாரோ அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது யார் என்று கேட்பதற்கு முன்பே அந்த ஆளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய அமெரிக்க நகைச்சுவை எழுத்தைப் பற்றி பானில் ஒரு வாரக் கருத்தரங்கு. அதில் கட்டுரை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரில் எல்லோரிடமும் கருத்தரங்குக்குப் போகிறேன் என்றுதான் சொன்னேன். உண்மையில் ஜெபாவைப் பார்க்கத்தான் போனேன். அவள் அங்கே மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். வருடக்கணக்கில் தொலைபேசிக் குரலாகவே இருந்தவள்.

அந்த ஊரில் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்புப் பற்ற வைப்பதில்லை. ரொட்டியை அறுத்து, மேலே பாலாடைக்கட்டியை வைத்து, ஊறவைத்த வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். ஜெபா எனக்காக ரசம் வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று குளிர்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு டப்பாவில் சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல். வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

"யாரு செஞ்சது?" என்று கேட்டேன்.

"வதனி குடுத்து விட்டது" என்றாள் ஜெபா. அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது.

வதனி யாழ்ப்பாணத்துப் பெண். டோர்ட்மண்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஒருமுறை பனியில் ரயில் நடுவழியில் நின்றுவிட்டபோது ஜெபா ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். எதிரே இருந்த வதனி, "என்ன பகிடி எண்டு எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்பமல்லோ" என்று கேட்டிருக்கிறாள். ஜெபா வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்று தொடங்கிய சிநேகம். எந்தப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. கேட்கவே தேவையில்லை.

விடுதியில் நாங்கள் சேர்ந்து வாசித்த அந்தத் தோணிக்காரன் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பொறாமை விளங்காது. நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஏதோ ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரர் எழுதியது. தொகுப்பில் அவர் பெயர்கூட இல்லை. அகலமான ஓர் ஆறு, அதில் ஒரு தோணிக்காரன். அக்கரையில் ஒரு விதவை பட்டணத்திலிருந்து ஓர் இரும்பு அடுப்பு வாங்கியிருக்கிறாள். அதைத் தோணியில் ஏற்றி வரும்போது நடு ஆற்றில் சரிந்து மூழ்கிவிடுகிறது. கரையில் காத்து நிற்கும் அவளிடம் சொல்ல வேண்டும். தோணிக்காரனுக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. சாவுச் செய்தி சொல்பவனைப்போல் சுற்றி வளைக்கிறான். காலையில் புறப்படும்போது நல்லாத்தான் இருந்தது, வழியெல்லாம் ஒரு குறை சொல்லவில்லை, கடைசியில்கூட யாரையும் நோகவிடாமல் அமைதியாகப் போய்ச் சேர்ந்தது என்று அடுப்பைப் பற்றிச் சொல்கிறான். விதவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: "என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனாரா?" அவள் புருஷனும் முன்பு இதே தோணியிலிருந்து விழுந்து இறந்தவன். அதைப் பற்றித் தோணிக்காரன் அவளிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இப்போதும் பதில் சொல்வதில்லை. அந்த இடத்தைக் காட்டு என்று அவள் தோணியில் கால் வைக்கும்போது, "பார்த்து ஏறுங்க, பலகை வழுக்கும்" என்கிறான். கதை முடிந்தது.

இதை முதன்முதலில் விடுதியில் வாசித்தபோது ஒரு வரி புரியவில்லை. வாயில் வருகிறபடியே எழுத்தைக் கடித்துத் துப்பி எழுதியிருந்தார் அந்த ஆள். அகராதி உதவவில்லை. ஜெபாதான், "ஏட்டி, கண்ணால படிக்காத, வாயால படி" என்றாள். சத்தமாக வாசித்ததும் தோணிக்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இவனை எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. எங்கள் விடுதிக் காவலாளி ஒரு குடம் உடைந்ததைச் சொல்ல இப்படித்தான் ஊரைச் சுற்றுவார். உடனே தமிழில் சொல்லிப் பார்த்தேன். "யம்மா, நான் சொல்லுதத முழுசா கேட்டுட்டு ஏசுங்க" என்று ஆரம்பித்ததும் அறையில் இருந்தவர்கள் கட்டிலிலிருந்து உருண்டார்கள். அதிலிருந்து விடுதியில் எந்தக் கொண்டாட்டமானாலும் நான் தோணிக்காரன், ஜெபா விதவை. கடைசிக் கேள்வி வருவதற்குள் எல்லோரும் சிரித்துக் களைத்திருப்பார்கள். அதை நாங்கள் ஓட்டமாகச் சொல்லி முடித்துவிடுவோம்.

கருத்தரங்கில் நான் இந்தக் கதையைப் பற்றித்தான் பேசினேன். பேச்சைச் சீவிச் சிங்காரிக்காமல் காதில் விழுந்தபடி எழுதியதால்தான் அந்தத் தோணிக்காரன் இன்னும் உயிரோடிருக்கிறான் என்றேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். எனக்குப் பிறகு கொலோனிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர், குண்டான மனிதர், எழுந்து, அதே தோணிக்காரனைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்லிக் காட்டலாமா என்று கேட்டார். அவர் வாயைத் திறந்ததும் ஜெர்மானியர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. தன் பேச்சைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கப்படாத அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாணவிகள் வகுப்பு வாசலில் 'சொல்லுதேன்' என்பதைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு 'சொல்கிறேன்' என்று உள்ளே வருகிறவர்கள். கழற்றச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

மத்தியானம் உருளைக்கிழங்கும் புளித்த முட்டைக்கோசும். அந்த ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் தமிழில் இவன் எப்படிப் பேசுவான் என்று கேட்டார். இரண்டு வரி சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, உப்பு வேண்டுமா என்றார்.

அன்று மாலை ரைன் ஆற்றங்கரையில் நடக்கும்போது ஜெபா தான் பொத்தி வைத்திருந்ததை உடைத்தாள். டோர்ட்மண்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து விழா சனிக்கிழமை. "நம்ம தோணிக்காரன் மேடை ஏறப் போறான்ட்டி" என்றாள். புடவை எதைக் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அவள் தொடர்ந்தாள்: "வதனிதான் தோணிக்காரன். நான் எப்பவும்போல விதவை."

அந்த 'எப்பவும்போல' எனக்குத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. கரையோரம் சைக்கிள்களில் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆற்றில் சரக்குப் படகு ஒன்று, மேலே ஒரு கார், துணி காயும் கொடி, பூந்தொட்டிகள் என்று ஒரு வீட்டையே சுமந்துகொண்டு போனது. ரொம்ப சந்தோஷம் என்றேன். ஜெபா நம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கு முடிந்ததும் டோர்ட்மண்டுக்குக் கிளம்பினோம். கொலோனில் வண்டி மாற வேண்டும். ஜெபா தின்பதற்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போனாள். அதற்குள் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள்; நடைமேடையில் நின்ற கூட்டம் முழுவதும் எதிர்ப்பக்கம் ஓடியது. நானும் ஓடி, பெட்டியோடு ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஜெபா மேடையில் இரண்டு கையிலும் முறுக்குபோல் பின்னிய ரொட்டியோடு நிற்கிறாள். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையாட்டினாளா, இறங்கு என்று சைகை காட்டினாளா, தெரியவில்லை. என்னிடம் கைபேசி கிடையாது. நாயோடு வந்த ஓர் அம்மாள், டோர்ட்மண்ட் போகும், பயப்படாதே என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாய் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கியது. நம் ஊரில் இப்படி ஒருத்தி தனியாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெட்டியே கூடிக் குலம் கோத்திரம் விசாரித்து, இறக்கிவிட ஒரு மாமாவையும் ஏற்பாடு செய்திருக்கும். இங்கே நாய்தான் ஆறுதல்.

டோர்ட்மண்ட் நடைமேடையில் தோல் சட்டை போட்ட உயரமான பெண் ஒருத்தி பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும், "உமாதானே? பயப்பிடாதேங்கோ. ஜெபா அடுத்த ரெயினில வாறா, இப்பதான் ஃபோன் எடுத்தவ" என்றாள். என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். என் வயதுதான் இருக்கும். நடையைப் பார்த்தால் ரயில் நிலையத்தையே அவள் பெயருக்கு எழுதி வைத்ததுபோல் இருந்தது.

அவள் கார், கற்றுக்கொடுக்கும் கார். ஓட்டுபவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் கீழும் பிரேக் உண்டு. எனக்கு அது தெரியாது. சாலையில் போகும்போது வதனி, ஜெபா உங்களைப் பற்றிக் கதைக்காத நாள் இல்லை என்று ஆரம்பித்தாள். பிறகு ஜெபாவுக்குப் போன வருடம் காய்ச்சல் வந்து கிடந்ததையும் தான் போய் நின்று கஞ்சி வைத்துக் கொடுத்ததையும் சொன்னாள். காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது. என்னை அறியாமல் காலை அழுத்தி ஊன்றியிருக்கிறேன். கார் துள்ளி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

வதனி பதறவில்லை. "அது என்ர பிரேக். காலைக் கொஞ்சம் மடக்கி வையுங்கோ" என்றாள். மிச்சத் தூரம் முழுவதும் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வீட்டில் இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும். சமைக்கும்போது அந்தத் தோல் சட்டையைக் காரிலேயே விட்டுவிடுவாளாம். குழம்பு வாசம் ஏறினால் கார் பழக வருகிற பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். நான் நாலு தட்டு இடியப்பம் தின்றேன். பொறாமைக்கும் பசிக்கும் சம்பந்தமில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஜெபா வந்து சேர்ந்ததும் ஒத்திகை. மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு வதனி நடு அறையில் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்: "அக்கா, காலமை வெளிக்கிடேக்க நல்ல சுகமாத்தான் இருந்தது. ஒரு முனகல் இல்லை. நானும் ரெண்டு மூண்டு தரம் திரும்பிப் பாத்தனான்."

என் தோணிக்காரன் கையை ஆட்டி, கண்ணை உருட்டிப் பேசுபவன். இவன் அசையவே இல்லை. கேட்ட மாத்திரத்தில் இவனுக்குத் தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, சம்பாத்தியம் போதாமல் ஏசும் மனைவி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய ஒவ்வொரு வரியும் எனக்கு எப்போதோ தோன்றியிருக்க வேண்டிய வரி. இவள் ஆங்கிலத்தில் அந்தக் கதையைத் தொட்டதுகூடக் கிடையாது. ஜெபா சொல்லிக் கேட்டதுதான்.

பிறகுதான் கவனித்தேன். வதனியின் கதையில் மூழ்கியது அடுப்பு இல்லை. தையல் மிசின். பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்று கிடைத்தது. நிறுத்தச் சொல்லி, அது இரும்பு அடுப்பு என்றேன். இரும்பு அடுப்பை எங்கட சனம் கண்டதில்லை, மிசின் எண்டால் எல்லாருக்கும் விளங்கும் என்றாள் வதனி. விளங்குவதற்காகக் கதையை மாற்ற முடியாது, தோணியில் யாராவது தையல் மிசினை ஏற்றுவார்களா, சிரிப்பு வருவதே அடுப்பு என்பதால்தான் என்று வகுப்பெடுத்தேன். என் குரல் எனக்கே கேட்டது, தேர்வுத்தாள் திருத்துகிற குரல். கடைசியில், "மூலத்துல அப்படி இல்ல" என்றேன்.

வதனி முகத்தில் மாற்றமே இல்லாமல் சொன்னாள்: "மூலமோ? எனக்கு அந்த வருத்தம் இல்லை."

வருத்தம் என்றால் அவர்களுக்கு நோய் என்று எனக்கு உறைப்பதற்குள் ஜெபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விடுதியில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. வதனி அதைக் கவனித்தாள். பிறகு, "அப்ப நீங்களே செய்யுங்கோவன். கதை உங்கடதானே. நான் தேத்தண்ணி ஊத்துற பக்கம் நிக்கிறன்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பேருந்தில் இடம் கொடுப்பவள்போல் சொன்னாள்.

ஜெபா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்வேன் என அவள் காத்திருந்தது எனக்குத் தெரியும். சரி என்றேன்.

விழா ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. பட்டுப் பாவாடை கட்டிய பிள்ளைகள் ஓடித் திரிந்து தங்களுக்குள் ஜெர்மனில் சண்டை போட்டார்கள். மேடையேறி மட்டும் திருக்குறள் சொன்னார்கள். ரோல்ஸும் வடையும் தட்டுத் தட்டாக வந்தன. அப்போது இலங்கையில் சண்டை நின்றிருந்த காலம். ஊருக்குப் போய் வந்தவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று, எந்த வீடு நிற்கிறது, எது நிற்கவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "யம்மா, நான் சொல்லுதத முழுசா கேட்டுட்டு ஏசுங்க" என்றேன். அவ்வளவுதான், மண்டபம் வெடித்தது. நான் இன்னும் எதையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. சினிமாவில் அவர்களைச் சிரிக்க வைப்பவன் பேசும் தமிழ் என் வாயிலிருந்து வந்தது, அது போதுமாக இருந்தது. 'அங்கன' என்றால் சிரிப்பு, 'கெடக்கு' என்றால் சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குப் போதை ஏறிவிட்டது. கையை இன்னும் ஆட்டினேன். கதையில் இல்லாததையெல்லாம் சேர்த்தேன். அடுப்பு என்னைப் பார்த்து 'போயிட்டு வாரேன்' என்று கடைசியாகச் சொன்னது என்றேன். மூலத்தில் அதுவும் இல்லை.

ஜெபா தன் கேள்வியைக் கேட்டாள். எப்போதும்போல் ஓடாமல், இடம் விட்டு, நிதானமாகக் கேட்டாள். வதனியோடு பழகியதால் வந்த நிதானம். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் போனாரா?" கூட்டத்துக்குச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. நிறுத்த நான் விட்டிருக்கவும் இல்லை. நான் கடைசி வரியைச் சொன்னபோது பலகை வழுக்குவதுபோல் ஒரு ஆட்டமும் ஆடிக் காட்டினேன். பெரிய கைதட்டல். கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஜெபா முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் மடித்தாள்.

கீழே வந்ததும் நாலைந்து பேர் கையைப் பிடித்து, நல்ல பகிடி, படம் பாத்த மாதிரியே இருந்தது என்றார்கள். தேநீர் வேண்டும்போல் இருந்தது. மண்டபத்தின் பின்னால் இருந்த சமையலறைக்குப் போனேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே வதனியும் ஆறேழு பெண்களும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "இவ நல்லாத்தான் செய்தவ. ஆனா வதனி, நீ அண்டைக்கு வீட்டில சொன்னதை ஒருக்காச் சொல்லு" என்று கேட்டாள். வதனி முதலில் மறுத்தாள். பிறகு, கையில் இருந்த ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, தரையைப் பார்த்தாள்.

"அக்கா, காலமை வெளிக்கிடேக்க நல்ல சுகமாத்தான் இருந்தது."

பெண்கள் சிரித்தார்கள். மிசினுக்குக் குளிருமென்று தன் இடுப்புச் சாரத்தைப் போர்த்திவிட்டேன் என்று தோணிக்காரன் சொன்னதும் ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அது பெரிய சிரிப்பு இல்லை, தெரிந்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்டுச் சிரிப்பது. ஜெபா அங்கே இல்லாததால் விதவையின் கேள்வியையும் வதனியே கேட்டாள். குரலை மாற்றவில்லை. முகத்தை மட்டும் தூக்கினாள். "என்ர மனுசனும் அப்பிடித்தான் போனவரோ?"

துடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அதை மூடவில்லை. வதனி கொஞ்சம் ஒதுங்கி, யாருக்கோ கை கொடுப்பதுபோல் கையை நீட்டினாள். "பாத்து ஏறுங்கோ. பலகை வழுக்கும்."

ஒருவரும் கைதட்டவில்லை. சற்றுப் பொறுத்து ஒருத்தி குழாயை மூடினாள். இன்னொருத்தி, ரோல்ஸ் மிச்சம் இருக்கு, ஆருக்காவது கட்டிக் குடுக்கவோ என்று கேட்டாள். பழையபடி தட்டுகள் சத்தம் போட ஆரம்பித்தன. நான் தேநீர் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

மாலையில் வதனிதான் எங்களை ரயிலுக்குக் கொண்டுவந்து விட்டாள். ஜெபா பின்னிருக்கையில், மடியில் ரோல்ஸ் பொட்டலம். நான் முன்னால், கால்களை மடக்கிக்கொண்டு. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, ஏன் தையல் மிசின் என்று கேட்டேன். இந்த முறை திருத்துவதற்காகக் கேட்கவில்லை.

விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, கிளாலி வழியாகக் கடல்நீரேரியைக் கடந்து வரும்போது அவர்கள் வள்ளத்தில் அம்மாவின் தையல் மிசினும் இருந்தது. பக்கத்தில் வந்த வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. எதையாவது தண்ணீரில் போட்டால் அதிலிருந்து ஒன்றிரண்டு பேரை ஏற்றலாம் என்று ஓட்டி சொன்னார். அம்மாவே மிசினைத் தள்ளிவிட்டாள். இரண்டு சின்னப் பிள்ளைகளை ஏற்றினார்கள். மற்ற வள்ளம் கரைக்கு வரவில்லை.

"அம்மா இப்ப கனடாவில, அண்ணையோட. இண்டைக்கும் ஃபோன் எடுத்தா அந்த மிசினைத்தான் கதைப்பா. என்ன மாதிரி ஓடும், எவ்வளவு வடிவா மடிப்புத் தைக்கும் எண்டு. பிள்ளையளைப் பற்றியும் மற்ற வள்ளத்தைப் பற்றியும் ஒரு நாளும் கதைச்சதில்லை."

விளக்குப் பச்சையானது. வண்டியை எடுத்தாள். தோணியில் யாராவது தையல் மிசினை ஏற்றுவார்களா என்று முந்தின நாள் நான் கேட்டது அந்தக் காருக்குள் எங்களோடு உட்கார்ந்திருந்தது. எனக்கு அவள் அம்மாவை நினைத்து மனம் கனத்தது, உண்மைதான். ஆனால் அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. அப்படி ஒரு மிசின் இவளிடம் இருக்கிறதே, என்னிடம் வெறும் அடுப்புதானே என்ற எண்ணம். அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்தவள் பட்ட பாட்டின் மேலும் பொறாமை வரும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

நிலையத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு வதனி சாவியைத் திருப்பினாள். இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "நீங்கள் சொல்லேக்க சனம் என்ன சிரிப்புச் சிரிச்சுது" என்றாள். "நான் உள்ளுக்குத் தட்டுக் கழுவிக்கொண்டு கேட்டனான். எனக்கு எரிச்சலா இருந்தது, உண்மையைச் சொன்னா. நான் சொன்னா சனம் பாதியில பேசாம நிண்டிடும். ஒரு நாளைக்காவது முழுக்கச் சிரிக்க வைப்பம் எண்டு பாக்கிறன், ஏலாமக் கிடக்கு."

என் பொறாமையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாய்வரை வந்தது. அதற்குள் அவள் கதவைத் திறந்து இறங்கிப் பெட்டியை எடுக்கப் போய்விட்டாள். நடைமேடைவரை வந்து ஜெபாவைக் கட்டிப்பிடித்தாள், பிறகு என்னை. அவள் தோல் சட்டையில் மீன் குழம்பு வாசம் கொஞ்சம்கூட இல்லை.

ரயிலில் ஜெபாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். புகைபோக்கிகளும் வரிசை வீடுகளும் போயின. அவள் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒரு ரோல்ஸ் தந்தாள். மேடையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொலோன் நெருங்கும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"வதனி என்னைவிட நல்லா செய்தாட்டி" என்றேன்.

"தெரியும்" என்றாள் ஜெபா, ரோல்ஸை மென்றுகொண்டே.

ஒரு பேச்சுக்காவது இல்லை என்று சொல்லியிருக்கலாம்.